எண்ணூர் முகத்துவாரத்தில் சஸ்பெண்டிங் ஜெர்க்பைட் நிற்காமல் மேலே வருகிறது: மார்கழிக் குளிர்தான் காரணமா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

நண்பர்களே, வணக்கம். எர்ணாவூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும், கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாலத்துப் பக்கமும் கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) போடுவது வழக்கம். மழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால் நம்ம கொடுவா மந்தமாகிவிடும், வேகமாக இழுக்கும் லூரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சரி, அமெரிக்காவில் குளிர்காலத்தில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து, சஸ்பெண்டிங் ஜெர்க்பைட் என்ற மீன் வடிவ லூர் ஒன்று வாங்கினேன். 11 செ.மீ., 14 கிராம். ராடு நுனியால் இரண்டு வெட்டு வெட்டி இழுத்து நிறுத்தினால் மூழ்காமல், மிதக்காமல் அதே ஆழத்தில் தொங்க வேண்டும். மந்தமான மீன் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும் என்கிறார்கள்.

வீட்டு டிரம்மில் போட்டால் அழகாகத் தொங்குகிறது. முகத்துவாரத்தில் நிறுத்தியதும் மெல்ல மேலே எழும்புகிறது. ஒரு கொடுவா அதன் பின்னாலேயே வந்து, லூர் மேலே கிளம்பியதும் அப்படியே ஒதுங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். குளிரில் தண்ணீர் கனமாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதனால்தானா?

இன்னும் இரண்டு தொல்லை. விடியற்காலையில் ரீல் கைப்பிடி இறுக்கமாகச் சுற்றுகிறது, ஒரு மணி நேரம் போனால் சரியாகிவிடுகிறது. பிரெய்டும் (பின்னல் லைன்) அடிக்கடி வளையம் விழுந்து சிக்கிக்கொள்கிறது. இவையும் குளிரால்தானா? ராடு 7 அடி மீடியம், ரீல் 3000 சைஸ், 20 பவுண்டு பிரெய்டு, லூருக்கு முன்னால் 30 பவுண்டு லீடர் துண்டு.

விரால் வெறியன்

எண்ணூரில் குளிரா! மங்கி குல்லா போட்டுக்கொண்டு உயிர் இறால் கோத்துப் போடுங்கள் ப்ரோ. ஜெர்க்பைட் எல்லாம் எதற்கு?

டல்லாஸ் டு திருவொற்றியூர்

அந்த வீடியோக்காரர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. டெக்சாஸில் இருந்தபோது ஜனவரியில் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போவேன். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் லார்ஜ்மவுத் பாஸ் இரையைத் துரத்தவே துரத்தாது. ஜெர்க்பைட்டை நிறுத்திவிட்டு 10, 15 விநாடி சும்மா நிற்போம். இன்னும் வடக்கே போனால் ராடு வளையத்திலேயே ஐஸ் கட்டும், அதைத் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டு வீச வேண்டும். அங்கே வெந்நீரில் சோதித்த லூர் குளிர்ந்த ஏரியில் மேலே வருவது உண்மைதான். அதற்கென்றே ஒட்டுகிற ஈயப் பொட்டுகள் விற்பார்கள்.

ஆனால் உங்கள் கேஸ் அது இல்லை. கணக்கைப் பாருங்கள். எண்ணூரில் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீரின் அடர்த்தி அதில் கூடுவது ஏறக்குறைய 0.17 சதவீதம். 14 கிராம் லூருக்கு அது 0.02 கிராம், தூசி. உப்புக்கு வாருங்கள். முழுக் கடல் நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 2.6 சதவீதம் கனம். அதே லூருக்கு 0.36 கிராம் ஆகிறது. ஏறக்குறைய பதினாறு மடங்கு. உங்கள் டிரம்மில் இருப்பது மெட்ரோ வாட்டர், முகத்துவாரத்தில் இருப்பது கடல். பாஸ் லூர்கள் பெரும்பாலும் நல்ல தண்ணீர் ஏரிக்காகவே எடை பார்த்துச் செய்யப்பட்டவை. குளிரை விடுங்கள், உப்புக்கு எடையைச் சரி செய்யுங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

அண்ணே, இது தோன்றவே இல்லை. எடையை எப்படி ஏற்றுவது? அந்த ஈயப் பொட்டு இங்கே கிடைக்கவில்லை.

டல்லாஸ் டு திருவொற்றியூர்

எலக்ட்ரானிக்ஸ் கடையில் பற்றவைக்கிற ஈயக் கம்பி இருக்கும், 1 மில்லிமீட்டர் தடிமன் வாங்குங்கள். ஒரு செ.மீ. நீளம் சுமார் 0.07 கிராம். முழு உப்புத் தண்ணீருக்கு 6 செ.மீ. போதும். முன் மும்முள்ளின் (மூன்று முனைத் தூண்டில் முள்) தண்டில், முள்ளின் கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து, சுருள் சுருளாக நெருக்கிச் சுற்றுங்கள். முள் வளையும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் குத்துவது குறையும். கடைசிச் சுற்றை நகத்தால் அழுத்தி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் அவிழாது. முன்னாலேயே முழுக்க ஏற்றினால் மூக்கு ரொம்பத் தொங்கும், அதனால் முன் முள்ளுக்கு 4, நடு முள்ளுக்கு 2 என்று பிரித்துச் சுற்றுங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்பது நல்லதுதான்.

இன்னொன்று. பாஸ் லூரில் வரும் மும்முள் மெல்லிசு. உப்பில் துருப்பிடிக்கும், பெரிய கொடுவா நிமிர்த்தியும் விடும். கடலுக்கான தடித்த முள்ளும் அதை மாட்டும் வலுவான வளையமும் மாற்றினால் எடையும் அதிலேயே ஏறிவிடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்புறம் குறைகிற எடைக்கு மட்டும் ஈயம் சுற்றினால் போதும்.

நெட்டுக்குப்பத்தான்

தம்பி, கணக்கெல்லாம் சரி. ஒன்று விட்டுப்போச்சு. எங்கள் முகத்துவாரத்தில் மழைக்காலத்துக்கு அப்புறம் தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை. பூண்டி ஏரியில் திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலையில் இறங்கி வரும். அது நல்ல தண்ணீர், லேசு, மேலே ஓடும். கடல் தண்ணீர் கனம், கடல் ஏற்றத்தின்போது அடியில் நுழைந்து உள்ளே போகும். வலை இழுக்கும்போது கையிலேயே தெரியும், மேலே ஒரு பக்கம் தள்ளும், கீழே வேறு பக்கம் இழுக்கும். மார்கழியில் இப்படித்தான் இருக்கும். மாசி, பங்குனி வந்தால் எல்லாம் உப்பாகிவிடும்.

அதனால் உன் லூர் முகத்துவாரத்தில் நிற்கிற மாதிரி செய்தால் பாலத்துப் பக்கம் மூழ்கும். ஏற்றத்துக்கு ஒரு மாதிரி, வற்றத்துக்கு ஒரு மாதிரி. முகத்துவாரத்தில் மண் மூடிக்கொண்டால் ஏற்றமே ஒழுங்காக உள்ளே வராது, அப்போது கணக்கு இன்னும் மாறும்.

டல்லாஸ் டு திருவொற்றியூர்

அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். மேல் தண்ணீருக்குக் கொஞ்சம் கனமாகவும் அடித் தண்ணீருக்குக் கொஞ்சம் லேசாகவும் இருக்கிற லூர், இரண்டும் சேருகிற இடத்தில் போய்த் தட்டு மேல் வைத்தது போல் நின்றுவிடும். எனக்குத் தெரிந்து கொடுவாவுக்கு அதைவிட நல்ல நிறுத்தம் கிடையாது.

காசிமேடு கைநரம்பு

எவ்வளவு உப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாயில் வைத்துப் பார்க்கலாமா?

நெட்டுக்குப்பத்தான்

எண்ணூர்த் தண்ணீரையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்தி எல்லாம் கறுத்துப் போனது மறந்துவிட்டதா? வாளியில் மொண்டு, லூரைப் போட்டுப் பார். அதுதான் மீட்டர். வாளித் தண்ணீர் மேல் தண்ணீர் என்பதை மட்டும் நினைவில் வை.

தண்டையார்பேட்டை ரீல் டாக்டர்

ரீல் விஷயத்துக்கு வருகிறேன். குளிரில் கிரீஸ் உறைந்துவிட்டது என்று இந்த மாதத்தில் என்னிடம் ரீல் கொண்டு வருகிறவர்கள் அதிகம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில். கம்பெனி கிரீஸ் இதற்கெல்லாம் அசையாது.

முதலில் ஒரு சோதனை. லைனைக் கழற்றி விட்டு வெறும் ரீலைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் உள்ளே பல்சக்கரத்தில் கோளாறு இல்லை, லைன் ரோலரில்தான். லைனைப் பிடித்துச் சுற்றும் பெயில் கம்பியின் ஓரத்தில் லைன் உருண்டு போகும் அந்தச் சின்ன உருளையைச் சொல்கிறேன். ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றிப் பாருங்கள், பேரிங்கைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். போன தடவை காய்ந்த உப்பு. மார்கழி ராத்திரி ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு இறுகி நிற்கும். காலையில் ரோலர் உருளாமல் லைன் உரசிக்கொண்டு வரும், அதுதான் கைக்கு இறுக்கமாகத் தெரிகிறது. ஒரு மணி நேரம் ஈர லைன் ஓடியதும் உப்பு கரைந்து விடும், ரீல் சரியான மாதிரி இருக்கும். உருளாத ரோலர் பிரெய்டையும் முறுக்கிவிடும், ஆக உங்கள் மூன்றாவது தொல்லையில் பாதி இங்கேதான்.

பேரிங்கைப் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய ரீல் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். இனிமேல் வீட்டுக்கு வந்ததும் டிராகை (ஸ்பூலை இறுக்கும் திருகு) இறுக்கி மூடிவிட்டு நல்ல தண்ணீரை மேலாகத் தெளித்துத் துடையுங்கள். குழாயை நேராகப் பிடித்து அடிக்காதீர்கள், உப்பை உள்ளே தள்ளிவிடும்.

காசிமேடு கைநரம்பு

டாக்டர், என் சித்தப்பா ரீலுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுவார். பரவாயில்லையா?

தண்டையார்பேட்டை ரீல் டாக்டர்

ஐயோ. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையும். மார்கழியில் குளியலறைப் பாட்டில் கட்டியாக நிற்பதைப் பார்த்ததில்லையா? சென்னைக் குளிரில் இறுகும் ரீல் என்று ஒன்று இருந்தால் அது உங்கள் சித்தப்பாவுடையதுதான். அவரிடம் பதமாகச் சொல்லுங்கள்.

விரால் வெறியன்

பிரெய்டுச் சிக்கலுக்கு நான் சொல்கிறேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு. லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பியிருக்கிறீர்களா? இரண்டு மில்லிமீட்டர் குறைத்து நிறுத்துங்கள். வீசியதும் பெயிலைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடி, லைனை ஒரு இழுப்பு இழுத்துத் தொய்வு எடுத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். ஜெர்க்பைட்டில் வெட்டி வெட்டி நிறுத்துவதால் தொய்வான லைன் ஸ்பூலில் ஏறும், அடுத்த வீச்சில் அதுதான் வளையமாகக் கிளம்பும். இந்த மாதத்தில் வாடைக் காற்று வேறு எதிரே நின்று அடிக்கும்.

நெட்டுக்குப்பத்தான்

விடிகிற நேரத்தில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குப் போகும், முதுகில் வாங்கிக்கொண்டு வீசலாம். வெயில் ஏறியதும் திரும்பிவிடும், அப்போது ஆற்று வளைவுக்கு உள்ளே வந்துவிடு. மீனும் வெயில் கொஞ்சம் ஏறின பிறகுதான் அசையும். ஆனால் குளிரைவிட ஏற்றம் வற்றம் பெரிது தம்பி. நம் கடலில் பெரிய ஏற்றமே ஒரு மீட்டர் சுற்றித்தான், சின்ன ஏற்ற நாளில் தண்ணீர் நகரவே நகராது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி, வற்ற ஆரம்பிக்கும் நேரத்தில் நில். உள்ளே மேய்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் அப்போதுதான் வெளியே இறங்கும்.

காசிமேடு கைநரம்பு

அமெரிக்காவில் மின் நிலையத்துச் சூடான தண்ணீர் விழும் ஏரியில் குளிர்காலத்தில் பாஸ் குவியும் என்று பார்த்தேன். இங்கேயும் அனல் மின் நிலையத்துப் பக்கம் போனால்?

டல்லாஸ் டு திருவொற்றியூர்

அங்கே ஏரி 8 டிகிரியில் இருக்கும்போது 18 டிகிரித் தண்ணீர் மீனுக்குச் சொர்க்கம். கொடுவாவுக்கு 26-லிருந்து 30 டிகிரி வரை நன்றாக இருக்கும், 20-க்குக் கீழே போனால்தான் தீனியை நிறுத்தும். நம் ஆறு அவ்வளவு குளிர்வதில்லையே. வெந்நீரைத் தேடிப் போக அவசியமே இல்லை.

நெட்டுக்குப்பத்தான்

அந்தப் பக்கம் சாம்பல் சேறு. கால் வைத்தால் முட்டி வரை இறங்கும். போகாதே.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் இது. தடித்த முள் மாற்றி, வாளியில் போட்டுப் பார்த்துக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். 3 செ.மீ. மிச்சம் இருக்கும்போது முகத்துவாரத் தண்ணீரில் ஆடாமல் நின்றது. பாலத்துப் பக்கம் அதே லூர் மூழ்கிவிட்டது, அண்ணன் சொன்னபடியே. அதனால் கம்பி சுற்றாத மெல்லிய முள் இரண்டை டப்பாவில் வைத்துக்கொண்டு இடத்துக்குத் தகுந்தபடி மாற்றுகிறேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் வற்றத்தில், நிறுத்தி ஐந்து எண்ணுவதற்குள் அடி விழுந்தது. முதல் கொடுவா சின்னது, விட்டுவிட்டேன். அடுத்தது கனம், இரண்டு தரம் தலையை உதறியது, லீடர் அறுந்தது. நுனியைத் தடவிப் பார்த்தால் சுரசுரவென்று துருவியது போல இருந்தது.

ரோலரில் டாக்டர் சொன்ன வெள்ளைப் பொருக்கு இருந்தது, இப்போது ரீல் சரளம். பிரெய்டு இன்னும் எப்போதாவது வளையம் விடுகிறது.

நெட்டுக்குப்பத்தான்

செவுள் மூடி அறுத்திருக்கிறது. கொடுவாவின் செவுள் ஓரம் பிளேடு. உயிரோடு தூக்கும்போது விரலை அங்கே விடாதே.

விரால் வெறியன்

லீடரை 40 பவுண்டாக்குங்கள், நீளம் ஒரு கை அளவு. ஸ்பூலில் முதல் ஐம்பது மீட்டர் பிரெய்டு ஏற்கனவே முறுக்கிப்போயிருக்கும், லூரே இல்லாமல் படகுக்குப் பின்னாலோ ஓடுகிற தண்ணீரிலோ விட்டு இழுத்தால் முறுக்கு அவிழும். அதற்கும் சரியாகவில்லை என்றால் திருப்பிச் சுற்றி, அடி லைனை மேலே கொண்டு வாருங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

40 பவுண்டு தடித்ததாயிற்றே, லீடரின் எடையில் லூர் மூழ்காதா?

டல்லாஸ் டு திருவொற்றியூர்

லீடர் ஃப்ளூரோகார்பன் என்றால் அது தண்ணீரைவிடக் கனம், கொஞ்சம் மூக்கை இழுக்கும். முன் முள்ளில் அரை செ.மீ. கம்பியைக் குறைத்துவிடுங்கள்.