துறவி நண்டுத் தொட்டியில் வைத்த மரம்: உங்கள் அனுபவம் என்ன?

நொய்யல்கரை

காலிச் சங்குக்குள் குடியிருக்கும் என் துறவி நண்டுகள் ஏறி இறங்க மரம் வேண்டும் என்பதற்காக, தொண்டாமுத்தூர்ப் பக்கம் மாமா தோட்டத்தில் கவாத்து செய்து வரப்பில் போட்டிருந்த திராட்சைக் கொடித் தண்டு ஒன்றை எடுத்து வந்து, கழுவி, காயவைத்துத் தொட்டிக்குள் வைத்தேன். திராட்சைத் தண்டு நண்டுக்கு ஆகும் என்று படித்திருந்தேன். அது பொய்யும் அல்ல. அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, பெரிய நண்டு வலப்பக்கச் சிறிய கொடுக்கால் பட்டையின் நார்களைக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டிருந்தது. அது உரித்த இடத்தின் இடுக்கில், சொட்டுநீலம் கரைத்த வாளியின் அடியில் படிந்திருக்குமே, அப்படி ஒரு வெளிர்நீலப் படிவு தெரிந்தது.

காலையில் மாமாவிடம் கேட்டேன். "மருந்தடிக்காம திராட்ச எங்க கண்ணு வருது? அடிச்சாம்பலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து வருசா வருசம் அடிக்கறதுதான்" என்றார். அடிச்சாம்பல் என்பது திராட்சை இலையின் அடியில் படரும் பூஞ்சண நோய். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது அதற்கு அடிக்கும் போர்டோ கலவையின் கணக்கு. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. அளவு மீறிய செம்பு நண்டு இனத்துக்கே நஞ்சு. தண்டை உடனே எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் அந்த நண்டு தன் சங்கை விட்டு வெளியே வந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே கிடந்து இறந்தது. செம்புதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த நீலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆனைமலைக்காற்று

எங்களுக்கு வினை வந்தது பாலிஷில். கட்டில் செய்து மிஞ்சிய தேக்கில் ஆசாரி ஒரு சிறு ஏணி செய்து, ஈரத்துக்குத் தாங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அரக்குப் பாலிஷ் இரண்டு முறை போட்டுக் கொடுத்தார். அரக்கு இயற்கைப் பொருள்தான், மாத்திரைக்கும் மிட்டாய்க்கும்கூடப் பூசுகிறார்கள் என்று நாங்களும் சமாதானம் ஆனோம். மூன்று வாரம் காயவிட்டு, ஸ்பிரிட் வாசம் அறவே போன பிறகுதான் உள்ளே வைத்தோம். எண்பது சதவீத ஈரப்பதத்தில் ஒன்பதாம் நாள் ஏணி முழுதும் பாலாடை படிந்ததைப் போல வெளுத்துவிட்டது. விரல் வைத்தால் ரேகை பதிந்தது. மறுநாள் படிகளில் வரிவரியாக நகக்கீறல்கள், தீனித் தட்டில் உரிந்த பாலிஷ் செதில்கள். நண்டுகள் பிழைத்துக்கொண்டன. இனி எந்தப் பூச்சும் எங்கள் தொட்டிக்குள் போகாது.

கோபிவாய்க்கால்

நொய்யல்கரை அவர்கள் கழுவியதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு என்று கருதுகிறேன். எந்த மரமானாலும் அரைமணி நேரம் கொதிக்கவைத்து, பங்குனி வெயிலில் மூன்று நாள் மொட்டைமாடியில் போட்டால் பாதிக் கவலை தீரும். திருப்பூர்ப் பக்கம் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகையைச் சிலர் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் பைன், அதன் பிசினே நண்டுக்கு ஆகாது. போதாக்குறைக்கு, பலகை முத்திரையில் 'எம்பி' (MB) என்ற எழுத்துகள் இருந்தால் அதற்கு மெத்தில் புரோமைடு என்ற பூச்சிகொல்லி நச்சுவாயுவால் புகை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 'எச்டி' (HT) என்றால் சூடேற்றியது மட்டுமே, ஆனாலும் பைன் பைன்தான். மரத்துக்குப் பூசக் கடையில் 'காய்ச்சியது' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயையும் நம்பாதீர்கள். சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைப் பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். கரையானுக்கு மருந்து வைத்த மரத்தைத் தொடவே வேண்டாம். எறும்பும் பூஞ்சணமும் வராமல் இருக்க வேப்பெண்ணெய் மெல்லிசாகத் தடவினால் போதும். எங்கள் அப்பாரு காலத்திலிருந்து தானிய மூட்டைக்கே வேம்புதான் காவல். நான் தடவி இரண்டு மாதம் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லை.

காங்கேயத்துக்காரி

கோபிவாய்க்கால் அண்ணா மன்னிக்க வேண்டும். இரண்டு இடத்தில் நான் மறுக்கிறேன். கொதிக்கவைத்தால் பூஞ்சணமும் புழுவும் சாகும். செம்பு உலோகம், அது எங்கே போகும்? வேப்பெண்ணெயைப் பற்றி நான் சொல்வது பட்ட பாடு. வேம்பில் உள்ள அசாடிராக்டின், பூச்சிகள் தோலுரிப்பதைத் தடுத்துத்தான் அவற்றைக் கொல்கிறது. நண்டும் அதே வகை இயக்குநீரால்தான் (ஹார்மோன்) தோலுரிக்கிறது. எறும்புக்காக நானும் வேர்க்கட்டையில் வேப்பெண்ணெய் தடவினேன். மணலுக்குள் தோலுரிக்கப் போன நண்டு எட்டு வாரமாகியும் மேலே வரவில்லை. வாடை வந்த பிறகுதான் தோண்டினேன். முதுகுத்தோல் பிளந்திருந்தது, ஒரு கால் மட்டும், பாதி கழற்றிய கையுறையைப் போல, பழைய தோலுக்குள்ளேயே மாட்டியிருந்தது. உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது, அண்ணா. தோலுரிக்கும் காலம் வருவதற்குள் அதை எடுத்துவிடுங்கள். எறும்புக்கு, சோற்றுப்பானைக்கு அமுச்சி செய்ததைப் போல, தொட்டித் தாங்கியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். அன்றோடு எறும்பு நின்றது.

கோபிவாய்க்கால்

எடுத்துவிட்டேன் அம்மணி.

நொய்யல்கரை

இப்போது என் தொட்டியில் கொட்டாங்குச்சியும் ஒரு தென்னங்கட்டையும் மட்டுமே இருக்கின்றன. கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை. நான்காம் நாள் கட்டையில் வெள்ளைப் பூஞ்சணம் வந்தது. பல்துலக்கும் பிரஷ்ஷால் வெந்நீரில் தேய்த்து மறுபடி வைத்தேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. தென்னைக்கு வேர் வழியாகப் பூச்சிமருந்து கட்டும் வழக்கம் உண்டல்லவா? என் கட்டை பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியது. ஆனைமலைக்காற்று அவர்களே, உங்கள் தோப்பில் எப்படி?

ஆனைமலைக்காற்று

தோப்பு மரங்களுக்குக் கட்டியிருக்கிறோம். வீட்டு வாசலில் நிற்கும் மரம் ஒன்றுக்கு மட்டும், குழந்தைகள் இளநீர் குடிப்பதால், ஒருபோதும் கட்டியதில்லை. அந்த மரத்துக் கொட்டாங்குச்சிகளை எடுத்து வைக்கிறேன். உங்கள் கட்டையை அதுவரை வெளியே எடுத்துவிடுங்கள்.