பிறந்த குழந்தையின் கருவிழியில் வெள்ளை, பீட்டர்ஸ் அனாமலி என்கிறார்கள். உடனே கருவிழி மாற்ற வேண்டுமா?

செங்கோட்டைப் பெரியம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது. எடை, அழுகை, பால் குடிப்பது எல்லாம் நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் மட்டும் கருவிழிக்கு நட்டநடுவில் மிளகு அளவுக்கு வெள்ளையாக இருக்கிறது, சுற்றிலும் தெளிவாக இருக்கிறது. வலது கண்ணில் எந்தக் குறையும் இல்லை. முதலில் பார்த்த டாக்டர் ஏதோ கிருமி என்று சொட்டு மருந்து கொடுத்தார், குறையவில்லை. பிறகு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு "பீட்டர்ஸ் அனாமலி, லென்ஸ் ஒட்டவில்லை, பிரஷர் இப்போது சரியாக இருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள்" என்றார்கள். கூட்டம் அதிகம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிரகணத்தன்று இவள் மொட்டை மாடிக்குப் போனதுதான் காரணம் என்று தங்கையின் மாமியார் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அழுதுகொண்டிருக்கிறாள். சித்தி ஒருவர் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடச் சொல்கிறார். தங்கை வீட்டுக்காரர், கண் வங்கியில் சொல்லிவைத்தால் கருவிழி கிடைத்துவிடும், இப்போதே மாற்றிவிடலாம் என்கிறார். அவருடைய நண்பரோ ஐந்து வயதாகட்டும் என்கிறார். எது சரி? ஐந்தாம் மாத ஸ்கேனில் இது ஏன் தெரியவில்லை? அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டார்ச்லைட்:

அக்கா, நான் டாக்டர் இல்லை, குழந்தைகள் கண் பிரிவில் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். குழந்தையைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கேள்விகளுக்குப் பொதுவாகப் பதில் சொல்லலாம்.

முதலில் உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்: கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கர்ப்பத்தின் ஆறு ஏழு வாரத்தில், அதாவது பாதிப் பேருக்கு உண்டாகியிருப்பதே அப்போதுதான் உறுதியாகும் சமயத்தில், கண் லென்ஸ் மேல்தோலிலிருந்து பிரிந்து உள்ளே போகிறது. அந்த இடைவெளியில் ஒருவகைச் செல்கள் அலை அலையாக வந்து கருவிழியின் (கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதி) உள்படலத்தையும் ஐரிஸையும் (கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறமான திரை) அமைக்கின்றன. இந்த வேலை நடுவில் எங்காவது தடைப்பட்டால் கருவிழியின் மையத்தில் பின்பக்கத்துப் படலம் உருவாகாமல் போய்விடும். அந்த இடம் நீர் ஏறி வெளுத்துவிடும். சிலருக்கு ஐரிஸின் நூல்கள் அதில் ஒட்டியிருக்கும், சிலருக்கு லென்ஸே ஒட்டிக்கொண்டு புரையும் இருக்கும். லென்ஸ் ஒட்டவில்லை என்று சொன்னது நல்ல செய்தி. 1906-இல் இதை விவரித்த ஜெர்மன் கண் மருத்துவர் பெயரில்தான் பீட்டர்ஸ் என்கிறார்கள். ஸ்கேனில் கண் இரண்டும் இருக்கிறதா, அளவு எப்படி, லென்ஸ் தெரிகிறதா என்பதைப் பார்ப்பார்கள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள கருவிழியில் ஒரு மங்கல் அதில் தெரியாது, யாரும் கவனக்குறைவாக இருந்ததாக நினைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். கண்ணுக்குள் இருக்கும் பிரஷர் சரி என்றால் இன்றைக்குச் சரி என்றுதான் அர்த்தம். பீட்டர்ஸ் உள்ள கண்களில் ஏறக்குறைய பாதிக்கு மேல் எப்போதாவது க்ளாக்கோமா, அதாவது கண்ணின் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய், வந்துவிடுகிறது, அதனால்தான் மாதம் ஒருமுறை வரச் சொல்கிறார்கள். போக்குவரத்துக்குக் கஷ்டம், குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். வெயிலுக்குக் கொண்டுவந்தால் முகத்தைத் தோளில் புதைத்துக்கொள்வது, அழாமலே கண்ணீர் வடிவது, இமையை இறுக்கி மூடிக்கொள்வது, இந்தக் கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். பிறந்த குழந்தைக்குக் கருவிழியின் குறுக்களவு 10 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். நம் ஊரில் 'பிள்ளைக்கு என்ன பெரிய கண்ணு' என்று திருஷ்டி கழித்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டிவிட்டு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

தாய்ப்பால், நந்தியாவட்டை, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். குறை பின்பக்கத்தில் இருக்கிறது, மேலே எதை ஊற்றினாலும் அது சரியாகாது, கிருமி மட்டும் போகும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டும் வேண்டாம், அதுவே பிரஷரை ஏற்றும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய க்ளாக்கோமா சொட்டு இருந்தால் அதையும் தொடாதீர்கள். பிரிமோனிடின் என்று ஒரு மருந்து, பெரியவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுப்பது, கைக்குழந்தைக்கு விட்டால் தூங்கிப்போய் மூச்சே நின்றுவிடும் அபாயம் உண்டு.

கருவிழி மாற்றுவது பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், அப்புறம் வருகிறேன்.

ரயில்வே காலனி அப்பா:

என் மகளுக்கு இரண்டு கண்ணிலும் இதே பிரச்சினை. உங்கள் கதை வேறு என்பதால் பயப்படாமல் படியுங்கள். இரண்டு கருவிழியும் வெள்ளையாக மறைத்திருந்ததால் எங்களுக்கு வேறு வழி இல்லை, மூன்று மாதம் முடிவதற்குள் ஒரு கண்ணில் மாற்றினார்கள்.

பெரியவர்களுக்குக் கருவிழி மாற்றினால் நல்ல பலன் கிடைக்கிறது, அதை வைத்துக் குழந்தைக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். குழந்தையின் கண் ரப்பர் மாதிரி நெகிழும், திறந்தவுடன் உள்ளே இருப்பது முன்னால் தள்ளிக்கொண்டு வரும் என்று டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். தையல் சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்த தையலைச் சுற்றி ரத்தக்குழாய் வளரும், கிருமி சேரும், அதனால் பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவைக்கும் தையலை இவர்களுக்குச் சில வாரங்களிலேயே எடுக்க ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொரு தையல் எடுக்கவும் மயக்க மருந்து. அதற்கு முன்னால் தாய்ப்பால் நான்கு மணி நேரம் நிறுத்த வேண்டும், பவுடர் பால் என்றால் ஆறு மணி நேரம். விடியற்காலையில் பசியில் கத்தும் பிள்ளையை வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு ஆள், பால் வாசனை தெரியாமல் அம்மா வேறு அறையில். சொட்டு மருந்து வருடக்கணக்கில். கண் சிவந்தால் உடம்பு ஏற்க மறுக்கிறதா என்று அன்றைக்கே ஓட வேண்டும், குழந்தைக்கு மங்குகிறது என்று சொல்லத் தெரியாது.

இவ்வளவும் செய்து எங்கள் மகளுக்கு முதல் கருவிழி மங்கிவிட்டது. இரண்டாவது தாங்குகிறது. நடக்கிறாள், முகம் தெரிகிறது, பெரிய எழுத்து படிக்கிறாள். இதற்காக மறுபடியும் அத்தனையும் செய்வேன், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கண் முழுதாக நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இதைச் செய்யலாமா என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மஞ்சள் ஃப்ரேம்:

ரயில்வே காலனி அண்ணா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கேஸ் அப்படியே பெரியம்மா சொல்வதுதான்: மகன், ஒரு கண், நடுவில் வெள்ளை, ஓரம் தெளிவு. கருவிழியை மாற்றவில்லை. ஐரிஸில் ஓரமாக ஒரு சிறு துண்டை வெட்டி, கண்மணியைத் தெளிவான பக்கம் நீட்டிவிட்டார்கள். வெளிச்சம் மையத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது. ஆப்டிகல் ஐரிடெக்டமி என்பார்கள், பெயரைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். யாருடைய திசுவும் உள்ளே வைப்பதில்லை, அதனால் உடம்பு மறுக்கும் பேச்சே இல்லை. எல்லாருக்கும் பொருந்தாது, ஓரத்தில் எவ்வளவு தெளிவு இருக்கிறது, அதற்குப் பின்னால் லென்ஸ் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு முன்பு கண்மணியை விரிக்கும் சொட்டு மட்டும் கொடுத்துச் சில மாதம் பார்த்தார்கள்.

அறுவை சிகிச்சை எல்லாம் ஒரு நாள் வேலை. மிச்சம் இருப்பது நல்ல கண்ணை மூடும் வேலை, அதுதான் உயிரை வாங்கும். மூளை நல்ல கண்ணை மட்டும் நம்பிப் பழகிவிட்டால் மறு கண்ணைத் திறந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாது. அதனால் தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணின் மேல் பேட்ச் ஒட்ட வேண்டும். இவன் ஒட்டியவுடன் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வான். கைக்கு உறை மாட்டினோம், அதைக் கடித்துக் கழற்றினான். பால் குடிக்கும்போதும், வண்டி ஓடும்போதும் ஒட்டினால் அவ்வளவாக எதிர்க்கவில்லை. பசை பட்டுக் கன்னம் சிவந்து தோல் உரிந்தபோது இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒட்டினோம். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆர்வத்தில் அதிகமாக மூடினால் நல்ல கண் கெட்டுப்போகும்.

இப்போது நான்காம் வகுப்பு. அந்தக் கண்ணில் படிக்கும் அளவுக்குப் பார்வை இல்லை, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரிகிறது, அவ்வளவுதான். நல்ல கண்ணுக்குப் பவர் இல்லை என்றாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போட்டிருப்பான். கிரிக்கெட் ஆடுகிறான், ஸ்கூல் பஸ்ஸில் அடிதடி எல்லாம் உண்டு. அந்த ஒரு கண்ணில் அடிபடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பொள்ளாச்சி வாத்தியார்:

கொஞ்சம் விலகிய விஷயம்தான், ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வருகிறவர்கள் எல்லாருக்கும் பீட்டர்ஸ் இருக்காது என்பதால் எழுதுகிறேன். என் அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் பிறந்ததிலிருந்தே இரண்டு கருவிழியும் முழுக்கச் சாம்பல்-நீலமாக, தேய்த்த கண்ணாடிபோல இருந்தது. முதலில் க்ளாக்கோமா என்றுதான் சந்தேகப்பட்டார்கள். பார்த்தால் கருவிழியின் உட்செல்கள் நீரை வெளியேற்றாததால் வரும் பரம்பரை நோய், செட் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இதற்குக் காரணமான மரபணுவை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அண்ணன் கட்டியது சொந்த அக்கா மகளை. இருவரும் அந்தக் குறையை மறைவாகச் சுமந்திருக்கிறார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவனுக்கு உள்படலத்தை மட்டும் மாற்றினார்கள், முழுக் கருவிழியையும் எடுக்கவில்லை, நன்றாக இருக்கிறான். காது கேட்பதையும் அவ்வப்போது சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், இந்த மரபணுக் கோளாறில் சிலருக்கு வளர்ந்த பிறகு கேட்கும் திறன் குறையுமாம்.

பிறவிக் க்ளாக்கோமாவும் இப்படித்தான். மேலை நாடுகளில் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள், ஆந்திராவில் எடுத்த கணக்கில் 3300-க்கு ஒன்று. சொந்தத்தில் கட்டுவதைப் பற்றி நான் பிரசங்கம் செய்யவில்லை, எங்கள் வீட்டில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போகலாம், போக வேண்டும்.

டார்ச்லைட்:

வாத்தியார் சொன்னது சரி. பீட்டர்ஸ் பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் தனியாகத்தான் வரும், ஆனாலும் பெற்றோர் இருவரின் கண்ணையும் ஒருமுறை ஸ்லிட் லேம்ப் என்னும் கண் நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்லது. குழந்தைக்கு இதயத்தில் சத்தம் இருக்கிறதா, உதடு அண்ணம், உயரம் எல்லாம் சரியா என்று குழந்தைகள் டாக்டரும் பார்க்கட்டும். இரண்டு கண்ணிலும் உள்ளவர்களுக்குத்தான் உடம்பின் மற்ற இடங்களிலும் குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்து வயது வரை காத்திருங்கள் என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. மங்கல் தானாகக் கொஞ்சம் தெளிவாகும் கண்களும் உண்டு, அதற்காக டாக்டர் காத்திருப்பது வேறு. பார்வை வளரும் முதல் மாதங்களை ஒன்றும் செய்யாமல் விடுவது வேறு. உடனே கருவிழி மாற்றுவதும், மறு கண் இவ்வளவு நன்றாக இருக்கும்போது, பெரும்பாலான டாக்டர்கள் தயங்கும் விஷயம்தான். அடுத்த முறை போகும்போது ஓரத்தில் எவ்வளவு தெளிவு, விழித்திரையை அல்ட்ராசவுண்டில் பார்த்தாயிற்றா, ஐரிடெக்டமி பொருந்துமா, பேட்ச் எப்போது ஆரம்பிப்பது என்று இந்த நான்கையும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். கருவிழி டாக்டர், குழந்தைகள் கண் டாக்டர், க்ளாக்கோமா டாக்டர் மூன்று பேரும் ஒரே கூரையில் இருக்கும் இடமாக இருந்தால் அலைச்சல் குறையும்.

செங்கோட்டைப் பெரியம்மா:

எல்லாருக்கும் நன்றி. டார்ச்லைட் எழுதிய கிரகணப் பத்தியைத் தங்கையின் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 'அப்போ யாருமே காரணமில்லையா' என்று கேட்டார், இல்லை என்றேன். நந்தியாவட்டையை நிறுத்தியாயிற்று. தங்கையும் வீட்டுக்காரரும் சொந்தம் இல்லை. செலவுக்கு அரசு உதவி ஏதாவது கிடைக்குமா? ஊனச் சான்றிதழ் எடுக்கலாமா?

மஞ்சள் ஃப்ரேம்:

ஒரு கண் நன்றாக இருந்தால் அதிகபட்சம் 30 சதவீதம்தான் போடுவார்கள், சலுகைகளுக்கு 40 வேண்டும், அதற்காக அலையாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் டி.இ.ஐ.சி. என்று குழந்தைகளுக்கான ஆரம்பநிலை மையம் இருக்கும், 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் பிறவிக் குறைகளைப் பதிவு செய்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பிறப்புச் சான்றிதழும் இதுவரை எடுத்த எல்லாச் சீட்டும் கொண்டுபோங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் எது வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்ட்டரில் அறுவை சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.