ஃபைல்களை வேறு இடத்துக்குப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் தினமும் முழு 41 ஜிபியையும் அனுப்புகிறது. மாறியதை மட்டும் அனுப்ப வைப்பது எப்படி?

நடுநிசி_க்ரான்:
வணக்கம். அலுவலகத்தில் லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ் ஓடுகிறது. கூடவே 400 ஜிபி அளவுக்கு ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். வேறு ஊர்க் கிளையில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி). நடுவில் வயர்கார்டு விபிஎன், இரண்டு பக்கமும் அப்லோடு 20 எம்பிபிஎஸ்.

இரவு 11 மணிக்கு பிஜி டம்ப் (டேட்டாபேஸின் முழுப் பிரதி) எடுத்து, ஜிசிப்பால் சுருக்கி, ஃபைல் பெயரில் தேதி சேர்த்து, என்எஃப்எஸ் வழியாக மவுன்ட் செய்த (சர்வரின் சொந்த ஃபோல்டர் போல இணைத்த) நாஸ் ஃபோல்டருக்கு ஆர்சிங்க் செய்கிறேன். சுருக்கிய டம்ப் 41 ஜிபி. ஒரு நாளில் மாறுவது 2 ஜிபியைத் தாண்டாது. ஆனாலும் விடியற்காலை 4 மணி வரை லைன் முழுக்க அடைத்துக் கிடக்கிறது. ஸ்டாட்ஸ் ஆப்ஷன் போட்டுப் பார்த்தால் மேட்ச்டு டேட்டா (பழையதோடு பொருந்தியது) பூஜ்யம், லிட்டரல் டேட்டா (அப்படியே அனுப்பியது) 41 ஜிபி. யாராவது பிடிஎஃப் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் அதுவும் முழுசாகப் போகிறது. போதாக்குறைக்கு, சர்வர் படுத்தால் கடைசி ஒரு மணி நேர டேட்டாவுக்கு மேல் இழக்கக் கூடாது என்று மேலிடத்தில் புது நிபந்தனை. லைனைப் பெரிதாக்காமல் வழி உண்டா?

பழைய_டேப்:
உண்டு. லைன் மேல் தப்பில்லை. 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி, மணிக்கு 9 ஜிபி. 41 ஜிபிக்கு நாலரை மணி நேரம் ஆகத்தான் செய்யும். மூன்று இடத்தில் ஆர்சிங்கின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் பெயர். அந்தப் பக்கம் அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால்தான் ஒப்பிட முடியும். தினம் ஒரு தேதி போட்டால் ஆர்சிங்குக்கு அது புது ஃபைல். பெயரை நிலையாக வையுங்கள். பழைய நாட்களின் பிரதி வேண்டுமென்றால் நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுங்கள். பெயர் மாறியே தீர வேண்டும் என்றால் ஃபஸ்ஸி ஆப்ஷன் அதே ஃபோல்டரில் ஒத்த பெயருள்ள ஃபைலைத் தேடிப் பிடிக்கும்.

இரண்டாவது மவுன்ட். ஆர்சிங்குக்கு என்எஃப்எஸ் ஃபோல்டரும் லோக்கல் ஃபோல்டர்தான். லோக்கல் என்றாலே ஒப்பிடாமல் முழு ஃபைலையும் எழுதும். கட்டாயப்படுத்தி ஒப்பிட வைத்தாலும், பழைய ஃபைலை விபிஎன் வழியே இழுத்துத்தான் படிக்கும். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து கட்டளை ஓட்டும் வழி) வழியாகப் போங்கள். அப்போது நாஸிலேயே இன்னொரு ஆர்சிங்க் ஓடி, செக்சம் (ஃபைலின் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கிட்ட அடையாள எண்) மட்டும் லைனில் வரும்.

மூன்றாவது ஜிசிப். ஃபைலின் தொடக்கத்தில் ஒரு வரி மாறினால் அதற்குப் பின்னால் உள்ள சுருக்கிய பைட்டுகள் எல்லாமே மாறிவிடும். டம்ப்பைச் சுருக்காமல் எடுத்து, ஜிசிப்புக்கு பைப் செய்து, அங்கே ஆர்சிங்கபிள் ஆப்ஷன் கொடுங்கள்; அப்போது ஒரு மாற்றம் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மாற்றாது. ஃபைல் ஒரு சதவீதம் போலப் பெருக்கும், அவ்வளவுதான். கஸ்டம் ஃபார்மட் தானாகவே சுருக்கும், அதில் இந்த வசதி இல்லை. என்கிரிப்ஷனுக்கும் இதே கதி: ஒப்பிடும் கட்டத்துக்கு முன்னால் பூட்டிவிட்டால் எதுவும் பொருந்தாது.

நாஸில் ஸ்னாப்ஷாட் வைத்தால் இன்பிளேஸ் ஆப்ஷனையும் (பழைய ஃபைலின் மேலேயே எழுதுவது) சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தினமும் முழு ஃபைலும் புதிதாக எழுதப்பட்டு, ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் 41 ஜிபி தின்னும்.

ரோலிங்_செக்சம்:
கடைசி யோசனை மட்டும் இந்த ஃபைலுக்கு ஒத்து வராது. இன்பிளேஸ் நல்லது விஎம் (மெய்நிகர் கணினி) டிஸ்க் இமேஜுக்கு. அதில் பிளாக்குகள் (ஆர்சிங்க் ஒப்பிடும் துண்டுகள்) இடம் மாறாது. டம்ப்பில் நடுவே வரிகள் கூடினால் மீதி எல்லாம் பின்னுக்குத் தள்ளப்படும். இன்பிளேஸ் பழைய பிளாக்கின் மேலேயே எழுதிக்கொண்டு போவதால், பிறகு தேவைப்படும் பிளாக் அதற்குள் அழிந்திருக்கும். அதை லைன் வழியே திரும்ப அனுப்ப வேண்டிவரும். இங்கே நெருக்கடி லைனில், நாஸ் டிஸ்கில் இல்லை. இன்பிளேஸ் வேண்டாம், ஸ்னாப்ஷாட்டை ஏழு நாளோடு நிறுத்துங்கள்.

பிளாக் அளவையும் கவனியுங்கள். ஃபைல் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஆர்சிங்க் அதைத் தேர்ந்தெடுக்கும். உச்சவரம்பு 128 கிலோபைட். 41 ஜிபிக்கு உச்சவரம்பிலேயே நிற்கும், மொத்தம் 3 லட்சத்துச் சொச்சம் பிளாக். மாற்றங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் ஒரு வரிக்காக 128 கிலோபைட் போகும். 16 கிலோபைட்டாகக் குறைத்துப் பாருங்கள். செக்சம் பட்டியல் சில பத்து எம்பி வரை பெருக்கும். ஆனால் அது நாஸிலிருந்து உங்கள் பக்கம் வருவது, உங்கள் அப்லோடைத் தொடாது. சிபியு அதிகம் உழைக்கும். பிராசசர் சோப்ளாங்கியாக இருந்தால் 32 போதும்.

பார்ஷியல் ஆப்ஷனை அப்படியே போடாதீர்கள். லைன் அறுந்தால் பாதி வந்த துண்டு பழைய பெயரிலேயே உட்கார்ந்துகொள்ளும். நேற்றைய நல்ல பிரதி காலி. பார்ஷியலுக்குத் தனி ஃபோல்டர் காட்டுங்கள்.

பேண்ட்வித் வரம்பு கொடுக்கும்போது ஜாக்கிரதை: அங்கே அலகு கிலோபைட், கிலோபிட் இல்லை. 1500 என்றால் 12 எம்பிபிஎஸ்.

டிபி_வாத்தியார்:
ஒரு மணி நேர நிபந்தனை டம்ப்பால் தீராது. மாதம் ஒரு பேஸ் பேக்கப் (டேட்டாபேஸ் ஃபைல்களின் முழுப் பிரதி) எடுத்து, மிச்சத்துக்கு வால் ஃபைல்களை (WAL, டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதும் பதிவு) அனுப்புங்கள். ஆனால் இதிலும் டிராஃபிக் ஊதிப் பெருக்கும் இடங்கள் உண்டு.

ஆர்கைவ் டைம்அவுட்டை (நிரம்பாத வால் ஃபைலையும் அனுப்ப வைக்கும் கெடு) சிலர் 60 நொடி வைக்கிறார்கள். வால் ஃபைல் ஒன்று 16 எம்பி. நிமிடத்துக்கு ஒரு சின்ன இன்சர்ட் வந்தாலே நாளைக்கு 1440 ஃபைல், 23 ஜிபி! உங்கள் கெடுவுக்கு 15 நிமிடம் தாராளம். அனுப்பும் முன் இசட்எஸ்டிடியால் சுருக்குங்கள். போஸ்ட்கிரெஸ் 11 முதல் நிரம்பாத பகுதியில் பூஜ்யம் எழுதப்படுவதால் அது ஒன்றுமில்லாமல் சுருங்கும்.

அடுத்தது செக்பாயின்ட், அதாவது நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதி முடிக்கும் கட்டம். ஒவ்வொரு செக்பாயின்டுக்குப் பிறகும் டேட்டாபேஸின் ஒரு பேஜை முதல்முறை மாற்றும்போது 8 கிலோபைட் பேஜ் முழுவதும் வாலில் ஏறும். இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒரு செக்பாயின்ட். அதை 30 நிமிடமாக்குங்கள். மேக்ஸ் வால் சைஸையும் 1 ஜிபியிலிருந்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அளவு நிரம்பி முன்கூட்டியே செக்பாயின்ட் அடிக்கும். கிராஷ் ஆனால் எழுந்து வரக் கொஞ்சம் நேரம் கூடும். வால் கம்ப்ரெஷனையும் போடுங்கள்; 15இல் எல்இசட்4, இசட்எஸ்டிடி இரண்டும் உண்டு.

வாலை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் பிஜி ரிசீவ்வால் நினைப்பு இருந்தால்: அதன் கம்ப்ரெஸ் ஆப்ஷன் வந்து சேர்ந்த பிறகுதான் சுருக்கும், லைனில் மிச்சமில்லை. வயர்கார்டும் சுருக்காது. ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அந்தப் பக்கம் வாங்கும் வரை வாலை அழிக்காமல் வைக்கும் ஏற்பாடு) வைத்தால், லைன் படுத்த நேரத்தில் வால் குவிந்து சர்வர் டிஸ்க்கை நிரப்பும். ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்க மறக்காதீர்கள்.

பழைய_டேப்:
இன்பிளேஸ் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். பிடிஎஃப் பாக்கி இருக்கிறது: அதற்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள். உள்ளடக்கத்தைச் சராசரி 1 எம்பி துண்டுகளாக வெட்டி ஹாஷ் வைத்து அடையாளம் காண்பதால், ஃபோல்டர் பெயர் மாறினால் மெட்டாடேட்டா மட்டும்தான் போகும். பிடிஎஃப்பும் ஜேபெக்கும் ஏற்கெனவே சுருங்கியவை. அதில் கம்ப்ரெஷனை எதிர்பார்க்க வேண்டாம். முதல் 400 ஜிபியை யுஎஸ்பி டிஸ்கில் ஏற்றி பஸ்ஸில் அனுப்புங்கள். லைனில் போட்டால் 44 மணி நேரம், அதுவும் வேறு யாரும் லைனைத் தொடாவிட்டால். புரூன் (தேவையற்ற பழைய துண்டுகளை நீக்குவது) மட்டும் வாரம் ஒருமுறை, நாஸ் பக்கத்திலேயே ஓட்டுங்கள். இங்கிருந்து ஓட்டினால் துண்டுகளைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றும்.

மீட்கும்போதும் அதே 20 எம்பிபிஎஸ்தான், இந்த முறை கிளையின் அப்லோடு. அந்த யுஎஸ்பி டிஸ்க்கைக் கிளையிலேயே வைத்து, ரெஸ்டிக்கின் காப்பி கட்டளையால் வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள்; சர்வர் போனால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வருவதுதான் வேகம்.