அப்பாவுக்குப் புதிய சாலை விதிகளை யார் சொல்வது?

சான்தெனி மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. 1979-இல் இங்கே பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் பெர்மி (ஓட்டுநர் உரிமம்) எடுத்தவர், 2008-இல் ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குப் போனார், அம்மா காலமான பிறகு போன வருடம் என்னோடு இருக்க வந்துவிட்டார். கண் நன்றாகத் தெரிகிறது, கையும் காலும் உறுதி. விதிகள்தான் பிரச்சினை, அவர் தலைக்குள் இன்னும் 2008 ஓடுகிறது. சான்-ஆந்த்ரே கோயிலுக்குப் போகும் வழியில் ஓர் அம்மா கடக்க வேண்டும் என்று ஓரத்தில் காத்து நின்றார்கள், இவர் ஹாரனை அடித்துக்கொண்டே போய்விட்டார் (புதுச்சேரிப் பழக்கம்!). நான் ஏதாவது சொன்னால் "எனக்கா ஓட்டக் கற்றுத்தருகிறாய்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காரை வாங்கி வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவருக்கு வெளியே போக வேறு வழியும் இல்லை. என்ன செய்வது?

பழைய ரோஸ் பெர்மி:
அம்மா, எனக்கு 71. உங்கள் அப்பா பக்கம் கொஞ்சம் நின்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "ப்ரேக், ப்ரேக்" என்றால் எனக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் ஒன்று கேட்டுப் பாருங்கள். 1984-க்கு முன்னால் ரவுண்டானாவில் நுழைய வருகிறவனுக்கு, அதாவது வலப்பக்கம் வருகிறவனுக்குத்தான் நாம் வழிவிட்டோம். அந்த வருடம் மே மாதம் தலைகீழாக மாறியது, உள்ளே சுற்றுகிறவனுக்கு முன்னுரிமை. அப்பா அதை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேளுங்கள். ஒருமுறை மாற்றிக்கொண்டவர்தானே, இன்னொரு முறை மாற்றிக்கொள்ள மாட்டாரா?

லெபோர் தம்பி:
அக்கா, கார்க் கண்ணாடியில் இன்ஷூரன்ஸ் பச்சைச் சீட்டு ஒட்டவில்லை என்று எங்கள் தாத்தா என்னைத் திட்டினார். 2024 ஏப்ரல் 1 முதல் அது தேவையே இல்லை, நம்பர் பிளேட்டை வைத்தே இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று போலீஸ் பார்த்துவிடுகிறார்கள். இதை முதலில் சொல்லுங்கள், நல்ல செய்தியில் ஆரம்பித்த மாதிரி இருக்கும்.

பயிற்சியாளர்974:
ஒரு ஓட்டோ-எகோலில் (ஓட்டுநர் பள்ளியில்) கற்றுக்கொடுக்கிறேன், வயதானவர்கள் ஒரு மணி நேரப் பாடத்துக்கு வருவது புதிதல்ல. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். நான் முதலில் எடுப்பது பாதசாரி விஷயம்தான்: இப்போது கடக்கும் எண்ணம் தெளிவாகத் தெரிந்தாலே நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் 2018 முதல் பெர்மியின் 12 புள்ளிகளில் 6 போய்விடும், ஆக நீங்கள் சொன்ன அந்த ஒரு ஹாரனுக்கே பாதி பெர்மி. அடுத்தது வேகம். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் பழைய 90 கி.மீ. வரம்பு அதே 2018 ஜூலையில் 80 ஆனது. அவர் போன பிறகு 2009-இல் திறந்த தாமரின் சாலைக்கு இது பொருந்தாது, அது நடுவில் தடுப்புள்ள விரைவுச் சாலை, அங்கே முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். சைக்கிள்காரரைத் தாண்டும்போது ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி. அதற்காக, எதிரே பார்வை நன்றாகத் தெரிந்தால், தொடர் வெள்ளைக் கோட்டின் மேல்கூட ஏறிப் போகலாம். வயதானவர்கள் யாருமே இதை நம்புவதில்லை, கோட்டைத் தொட்டால் குற்றம் என்றே படித்தவர்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் 2015 முதல் கூடாது. அப்புறம், அவருடைய பழைய ரோஸ் காகிதப் பெர்மியைப் பற்றிக் கவலை வேண்டாம், அது 2033 ஜனவரி 19 வரை செல்லும்.

சான்தெனி மகள்:
மாமா, நீங்கள் சொன்னபடி 1984 பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை, அந்த வருடம் யார் யார் எங்கே முட்டிக்கொண்டார்கள் என்று ஊர்க் கதை முழுக்க வந்துவிட்டது. நல்ல மூடில் இருந்தார், சரி என்று வெள்ளைக் கோட்டு விஷயத்தை எடுத்தேன். "எந்த முட்டாள் சொன்னான்?" (மன்னிக்கவும் சார்.) கடைசியில் பந்தயம் கட்டியிருக்கிறார், அது உண்மையாக இருந்தால் ஒரு மணி நேரப் பாடத்துக்கு வருவாராம். நாளைக்கே நேரம் கேட்டு ஃபோன் பண்ணுகிறேன்.