க்ரோ லைட்டுக்கும் (செடி வளர வெயிலுக்குப் பதிலா போடுற விளக்கு) செடிக்கும் நடுவுல கண்ணாடி இருந்தா எவ்ளோ வெளிச்சம் போகுது? அனுபவம் இருக்கறவங்க பகிருங்க

நான் டொரொண்டோல இருக்கேன். இங்க அக்டோபர் வந்தா கறிவேப்பிலை செடிய வீட்டுக்குள்ள தூக்கி வச்சிடணும், மே மாசம் பாதி தாண்டுற வரைக்கும் வெளிய விட முடியாது, டிசம்பர்ல பகலே சுமார் 9 மணி நேரம்தான், அதுவும் ஜன்னல்ல சாஞ்சு வர்ற வெயில், அத மட்டும் நம்புனா துளிரே வராது. அதனால எல்இடி க்ரோ லைட் போட்டிருக்கேன். ஹீட்டர் ஓடுனா வீட்டுக் காத்து காஞ்சு போயிடும், செடிக்கு ஈரப்பதம் நிக்கணும்னு கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சு, லைட்ட மேல் கண்ணாடிக்கு வெளிய வச்சிருக்கேன். செடி வளக்குற நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், கண்ணாடி வச்சா பாதி வெளிச்சம் போயிடாதா?

போகாது. அளந்து பாத்துட்டுதான் சொல்றேன். கண்ணாடியோட ஒவ்வொரு பக்கத்துலயும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சம் பட்டு திரும்பிடும், ரெண்டு பக்கமும் சேத்தா 8. அதுக்கு மேல கண்ணாடிக்குள்ள இருக்கிற இரும்புச்சத்து கொஞ்சம் உறிஞ்சும், சாதா கண்ணாடிய ஓரத்துல பாத்தா பச்சையா தெரியுதுல்ல, அதுக்குக் காரணம் அந்த இரும்புதான். மொத்தத்துல 3, 4 மில்லிமீட்டர் கண்ணாடின்னா 10 சதவீதம் போகும்னு வச்சுக்கலாம்.

லைட்ட போட்டு கால் மணி நேரம் விட்டேன், ஏன்னா எல்இடி சூடாக ஆக வெளிச்சம் கொஞ்சம் இறங்கும், உடனே அளந்தா கணக்கு தப்பும். அப்புறம் வெளிச்சத்த அளக்குற லக்ஸ் மீட்டர இலை இருக்கிற உயரத்துலயே மேல பாத்த மாதிரி வச்சேன். கண்ணாடி இல்லாம 12,400 லக்ஸ். துடைச்ச கண்ணாடியோட 11,200. துடைக்காத கண்ணாடியோட 9,300! அதாவது கண்ணாடி தின்னதவிட அழுக்கு தின்னது ஜாஸ்தி. மேல் பக்கம் சமையல் புகையோட எண்ணெய்ப்பிசுக்குல தூசி ஒட்டியிருந்துச்சு, உள்பக்கம் செடிக்கு ஸ்ப்ரே பண்ற தண்ணி காஞ்சு வெள்ளை வெள்ளையா வட்டம், விரல வச்சு தேச்சாகூட போகல. வெள்ளைத் துணியில வினிகர் தொட்டு துடைச்சா துணி சாம்பல் கலர்ல வருது.

லக்ஸ் மீட்டர் செடிக்கான கருவி இல்ல, மனுஷக் கண்ணுக்கு ஏத்த மாதிரி பச்சை வெளிச்சத்துக்கு அதிக மதிப்பு குடுக்கும்னு சிலர் சொல்வீங்க, உண்மைதான். ஆனா அதே லைட், அதே இடம், கண்ணாடி இருந்தும் இல்லாமலும்னு ஒப்பிட அது தாராளமா போதும்.

இன்னொரு முக்கியமான விஷயம் சாய்வு. வெளிச்சம் நேரா விழுந்தாத்தான் அந்த 8 கணக்கு. 60 டிகிரி சாஞ்சு விழுந்தா ஏறக்குறைய 16 சதவீதம் திரும்பிடும், 75 டிகிரின்னா மூணுல ஒரு பங்குக்கும் மேல. அலமாரி ஓரத்துல வச்ச செடி மட்டும் நீண்டு மெலிஞ்சு போகுதுன்னா, தூரம் ஜாஸ்திங்கறதோட இதையும் சேத்துக்கோங்க. லைட்ட ஒரு மூலையில சாச்சு வைக்காம செடிக்கு நேர் மேல வைங்க.

---

அக்கா, நான் சென்னை கொளத்தூர் பக்கம், செடி வச்ச மீன் தொட்டி வளக்குறேன், எங்களுக்கும் இதே தலைவலிதான். மீன் குதிச்சிடும்னு மேல கண்ணாடி மூடி போட்டே ஆகணும், ஏர் பம்ப் குமிழ் உடைஞ்சு தெறிக்கிற தண்ணி லைட்டு மேல படக்கூடாது, அதனால கழட்டுறதுங்கற பேச்சே கிடையாது. எங்க போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, வாரக்கணக்குல விட்டா மூடி அடியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஏறிடுது. வாலிஸ்நேரியாங்கற தண்ணிச் செடியோட இலை வெளிறிப் போச்சுன்னு உரத்த மாத்தி மாத்தி போட்டுப் பாத்த ஒரு நண்பருக்கு, மூடிய எடுத்து எலுமிச்சம்பழம் தேச்சு கழுவிக் குடுத்தேன், அப்புறம் வந்த இலையெல்லாம் நல்ல பச்சை. ஆக்ரிலிக் மூடி போடலாமான்னு கேப்பாங்க, புதுசுல 92 சதவீதம் விடும், கண்ணாடியவிட ஒரு பிடி மேல, ஆனா ஈரத்துல வளைஞ்சு தொங்கிடுது, துடைச்சா கீறலும் விழுது. என் ஓட்டு கண்ணாடிக்குத்தான்.

---

நானும் கனடாதான், வின்னிபெக்லருந்து. பேஸ்மென்ட்ல 600 வாட் சோடியம் லைட்டுக்கு அடியில தக்காளி நாத்து போடுவேன். அந்த லைட்டோட கூண்டுக்கு டெம்பர்ட் கிளாஸ் (சூடு தாங்குற கெட்டிக் கண்ணாடி) மூடி உண்டு, உள்ள ஃபேன் சூட்ட இழுத்து வெளிய தள்ளும். வெளிச்சம் போகுதேன்னு மூடிய கழட்டுனா சூடு நேரா நாத்துல இறங்கி நுனி கருகும், லைட்ட உயரத் தூக்கணும், தூக்குனா போன வெளிச்சம் அந்த 10 சதவீதத்தவிட ஜாஸ்தி. மூடியோட இருந்தா லைட்ட கிட்டக்க இறக்கலாம். ஒத்த பல்புன்னா 45 சென்டிமீட்டர்லருந்து 43க்கு கீழ இறக்குனாலே கண்ணாடி தின்னது திரும்பி வந்துடும். சூடா இருக்கறப்ப அந்தக் கண்ணாடிமேல தண்ணி மட்டும் தெளிச்சிடாதீங்க, வெடிக்கலாம்.

---

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தம்பி சொன்ன மாதிரி மூடி கழட்ட முடியாத இடத்துல துடைக்கிறதுதான் வழி. வின்னிபெக் அண்ணா சொன்ன இறக்குற கணக்கு ஒத்த பல்புக்கு சரி, என்னுது மாதிரி நீளமான எல்இடி பட்டைக்கு அவ்ளோ பலன் தராது, வெளிச்சம் ஏற்கனவே பரந்து விழுதுல்ல. இரும்புச்சத்து கம்மியான வெள்ளைக் கண்ணாடி வாங்கலாமான்னு ஒருத்தங்க தனியா கேட்டாங்க, மெல்லிசு கண்ணாடியில அதனால கிடைக்கிறது 1, 2 சதவீதம்தான், அந்தக் காசுக்கு இன்னொரு எல்இடி பட்டை வாங்கிடலாம். உங்க வீட்டு ரீடிங் இருந்தா போடுங்க, துடைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, கண்ணாடியோட தடிமனும் சேத்து.