செல் வச்சா இன்சுலின் ஊசி நின்னுடுமா?

பெரியம்மா: தம்பி, ஸ்டெம் செல் ஏத்துனா டைப் 1 சுகருக்கு ஊசியே வேணாம்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. நிஜமா?

சித்தப்பா: ஆராய்ச்சி நிஜம் அண்ணி. வெர்டெக்ஸ் கம்பெனியோட ஸிமிஸ்லெசெல்ங்கிற செல் சிகிச்சையோட சோதனை முடிவு 2025 ஜூன்ல வந்துச்சு. ஸ்டெம் செல்லை (எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய மூலச் செல்) லேப்ல ஐலெட்டா, அதாவது கணையத்துல இன்சுலின் சுரக்குற செல் கூட்டமா வளர்த்து, 80 கோடி செல்லை ஒரே தடவையில கல்லீரலுக்குப் போற போர்ட்டல் ரத்தக்குழாய்ல விட்டாங்க. முழு டோஸ் வாங்கின 12 பேர்ல 10 பேருக்கு ஒரு வருஷத்துல இன்சுலின் தேவைப்படல. ஆபத்தான லோ சுகர் 12 பேருக்குமே நின்னுபோச்சு. என்னைக் கேட்டா அதுதான் பெரிய விஷயம்.

பெரியம்மா: கணையத்துலதான வைக்கணும்? ஏன் கல்லீரல்?

அக்கா: கணையத்தைக் குத்துனா செரிமான நொதி கசிஞ்சு அதையே அரிச்சுடும் பெரியம்மா. கல்லீரல்னா வயித்தைக் கிழிக்க வேணாம், விலா இடுக்குல மெல்லிசுக் குழாய் விட்டு பையிலேர்ந்து சொட்டுச்சொட்டா இறக்கலாம். ஆனா ஐலெட் ரத்தத்தைத் தொட்டதுமே உறைய ஆரம்பிச்சு, நிறைய செல் அன்னிக்கே செத்துடும். அதுக்குத்தான் ரத்தம் உறையாம தடுக்குற ஹெப்பாரின் மருந்து. கம்மியானா ரத்தக்குழாய் அடைச்சுக்கும், கூடுனா குத்தின இடத்துல ரத்தம் கசியும். இறக்கும்போது போர்ட்டல் அழுத்தத்தையும் பாத்துக்கிட்டே இருக்கணும், ஏறுனா நிறுத்தணும்.

சித்தப்பா: அப்புறம் டாக்ரோலிமஸ் மாதிரி எதிர்ப்புசக்தியை அடக்குற மருந்து, விடாம. அது கிட்னியையும் கெடுக்கும், வச்ச ஐலெட்டுல இன்சுலின் சுரக்குற பீட்டா செல்லையுமே பாதிக்கும். அந்தச் சோதனையில ஒருத்தர் கிரிப்டோகாக்கஸ்ங்கிற பூஞ்சையால வந்த மூளைக்காய்ச்சல்ல இறந்தார். அதனாலதான் லோ சுகர் வர்றதே தெரியாம விழுறவங்களுக்கு மட்டும் இது. 2023ல அமெரிக்கால அனுமதி வாங்குன லான்டிட்ரா சிகிச்சையும் (இறந்தவங்க தானமா குடுத்த கணையத்துலேர்ந்து எடுத்த ஐலெட்) ஆபத்தான லோ சுகர் திரும்பத் திரும்ப வர்ற பெரியவங்களுக்குத்தான்.

தம்பி: ஸ்வீடன்ல மருந்தே இல்லாம செஞ்சாங்களே சித்தப்பா?

சித்தப்பா: உப்சாலால, ஒருத்தருக்கு. எதிர்ப்புசக்தி கண்ணுல படாத மாதிரி ஜீனைத் திருத்தின ஐலெட் செல், முன்கைத் தசையில. செல் பிழைச்சுது, ஆனா டோஸ் ரொம்பச் சின்னது, இன்சுலின் போட்டுக்கிட்டேதான் இருந்தார்.

பெரியம்மா: பிழைச்சுதுன்னு எப்படித் தெரியும்?

அக்கா: சி-பெப்டைடு. உடம்பு சொந்தமா இன்சுலின் செய்யும்போதுதான் அது வெளியே வரும், ஊசி மருந்துல கிடையாது. சத்துபானம் குடிக்கவச்சு 90 நிமிஷத்துல ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. விளம்பரம் போடுறவங்ககிட்ட முதல்ல இந்த ரிப்போர்ட்டைக் கேளுங்க.

சித்தப்பா: எதை நம்பியும் ஊசியை நிறுத்திடாதீங்க அண்ணி, ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி ஆபத்தாயிடும். செல் வச்சவங்களுக்கே உடனே நிறுத்துறதில்ல. புதுச் செல்லுக்கு ரத்தக்குழாய் வளரணும், அதுவரை சுகர் ஏறுனா செல் திணறிடும். படிப்படியாத்தான் குறைப்பாங்க.