[கலைச்சொல்] தீப்பாதுகாப்புப் பயிற்சி டிரெய்லரைத் தமிழில் எப்படி அழைப்பது?

அனுப்புநர்: நொச்சி

குழுவினருக்கு வணக்கம்.

தன்னார்வலர்களுக்கான தீப்பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு வண்டி வருகிறது. சிறு லாரியோ பிக்கப்போ இழுத்துவரும் டிரெய்லர் அது. உள்ளே ஏறினால் ஒரு குட்டி வீடு: அடுப்படி, கூடம், படுக்கையறை. பள்ளி வாசலிலோ குடியிருப்புத் திடலிலோ நிறுத்தி, சிறு சிறு குழுவாக உள்ளே அனுப்புவார்கள். அடுப்பின் மேல் புகை கிளம்பும், எச்சரிக்கைக் கருவி அலறும், விளக்கு மங்கும். வந்தவர்கள் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேற வேண்டும். படுக்கையறைக் கதவுக்குள் சூடேற்றும் தகடு பொருத்தியிருக்கிறது. புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சுட்டால் அந்தக் கதவைத் திறக்காமல் சன்னல் வழியாக ஏணியில் இறங்க வேண்டும். பயிற்றுநர் ஓரத்துத் தடுப்பறையில் நின்று கண்ணாடி வழியே பார்த்தபடி எல்லாவற்றையும் இயக்குகிறார்.

இப்போதைக்கு 'நடமாடும் தீயணைப்புப் பயிற்சி இழுவை' என்று வைத்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறது. 'டிரெய்லர்' என்றே விட்டுவிடலாமென்றால் வாசிப்பவர் திரைப்பட முன்னோட்டத்துக்குப் போய்விடுகிறார். என்ன செய்யலாம்?

—

அனுப்புநர்: வேங்கை

அன்புள்ள நொச்சி அம்மா,

முதலில் 'இழுவை'யைப் பார்ப்போம். இழுவை இயந்திரம் என்றால் டிராக்டர். இழுவைப் படகு என்றால் வலையை இழுத்துச் செல்லும் படகு. இரண்டிலும் இழுப்பதுதான் இழுவை. இழுபடுவதற்கும் அதே பெயர் வைத்தால் மாட்டுக்கும் வண்டிக்கும் ஒரே பெயர் சூட்டியதுபோல் ஆகிவிடும்.

என் பரிந்துரை 'இழுவண்டி'. வினைத்தொகை. இது இழுக்கும் வண்டியா இழுக்கப்படும் வண்டியா என்று யாராவது கேட்டால், தள்ளுவண்டியைக் காட்டுங்கள். அது எதையும் தள்ளுவதில்லை, அதைத்தான் நாம் தள்ளுகிறோம். யாருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை. ஈழத்தில் கொளுவுதல் என்ற வினை வழக்கில் உள்ளதால் 'கொளுவண்டி'யும் பொருந்தும். ஆனால் எல்லாருக்கும் உடனே விளங்காது.

'நடமாடும்' இருக்கட்டும். நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை என்று அது வேரூன்றிவிட்டது.

—

அனுப்புநர்: ஆம்பல்

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம். நான் தீயணைப்புப் பயிற்சி தரும் வேலையில் இருப்பவள். இழுவண்டி நல்ல சொல். எனக்குக் குத்துவது அது இல்லை. 'தீயணைப்பு' என்பதை எடுத்துவிடுங்கள்.

இந்த வண்டிக்குள் வருபவருக்கு நாங்கள் தீயை அணைக்கவே கற்றுத்தருவதில்லை. வெளியே போகக் கற்றுத்தருகிறோம். முழுப் பாடமும் அதுதான். புகை மேலே தேங்கும், தரைக்கு அருகில்தான் கொஞ்சம் மூச்சுவிட முடியும், அதனால் தாழ்ந்து போ. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழி தெரிந்து வைத்துக்கொள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ. வெளியே வந்ததும் முன்பே பேசிவைத்த இடத்தில் நில். எதை எடுக்கவும் திரும்ப உள்ளே போகாதே. பெயரில் 'அணைப்பு' இருந்தால் தண்ணீர் வாளியோடு நிற்கும் மனநிலையில்தான் ஆள் உள்ளே வருகிறார். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவதைவிடக் கெட்ட காரியம் கிடையாது. அடுப்பை நிறுத்தி மூடியைப் போட்டு மூட வேண்டும். அதுவும் தீ சட்டியோடு நிற்கும்வரைதான்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு: வீட்டுத் தீயில் தீக்காயத்தைவிடப் புகையால்தான் அதிகம் பேர் சாகிறார்கள். நேரமும் முன்போல் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல். ஆய்வகம் இரண்டு வரவேற்பறைகளை அமைத்து எரித்துப் பார்த்தது. செயற்கை நுரை மெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறை ஐந்து நிமிடம்கூட ஆவதற்குள் முழுவதும் பற்றிக்கொண்டது. மரமும் பருத்தியுமான பழைய பாணி அறை கிட்டத்தட்ட அரைமணி நேரம் தாங்கியது. ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து, வழி கண்டுபிடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்றால் அதை ஒருதடவையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். வண்டி இருப்பது அதற்குத்தான்.

இன்னொன்று. 'தீப்பயிற்சி டிரெய்லர்' என்று எங்கள் துறையில் சொன்னால் வேறொரு வண்டி நினைவுக்கு வரும். எஃகுப் பெட்டி, பெரும்பாலும் கப்பல் கன்டெய்னர் வடிவம். உள்ளே புரொப்பேன் வாயுவில் நிஜமாகவே நெருப்பு எரியும். வெப்ப உணரிகள், புகைபோக்கும் விசிறி, வாயுவை ஒரே அழுத்தில் நிறுத்தும் பொத்தான் எல்லாம் உண்டு. அதற்குள் முழுக் கவச உடையும் மூச்சுக்கருவியும் அணிந்த வீரர்கள் மட்டும்தான் போகலாம். 1982-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் பயிற்சித் தீயிலேயே இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பின்தான் நிஜத் தீயில் பயிற்சி தருவதற்கான என்.எஃப்.பி.ஏ. 1403 என்ற, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதி எழுதப்பட்டு 1986-இல் வெளிவந்தது. இரண்டு வண்டிக்கும் கையேட்டில் ஒரே பெயர் போட்டால், அட்டவணையைப் பார்த்துப் பள்ளிக்கு எந்த வண்டியை அனுப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

—

அனுப்புநர்: குறிஞ்சி

> முழுப் பாடமும் அதுதான்

இதைப் பிடித்துக்கொள்கிறேன். நான் பள்ளி ஆசிரியன். தப்பித்தலைச் சொல்லும் பெயராக இருந்தால் நல்லது என்று 'தீத்தப்பு' என்று எழுதிப் பார்த்தேன், நானே சிரித்துவிட்டேன். 'தீத்தப்புப் பயிற்சி' என்று பலகை வைத்தால் பிள்ளைகள் என்னவெல்லாம் கேட்பார்கள்!

'தீப்பாதுகாப்பு' எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். நில உரிமைப் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு என்றால் நிலத்து உரிமையையும் வனத்தையும் காப்பது. தீப்பாதுகாப்பு என்றால்? வழக்கத்துக்கு வந்துவிட்டதால் மாற்றச் சொல்லவில்லை. புதுச்சொல் ஆக்கும்போது 'தீத்தற்காப்பு' என்று ஆளலாமே. தற்காப்புக் கலை என்றால் என்னவென்று ஊரே அறியும்.

வண்டிக்கு என் பரிந்துரை 'புகைவீடு'. உள்ளே தீ இல்லை, புகை இருக்கிறது. உள்ளே இருப்பது வகுப்பறையும் இல்லை, வீடு. பிள்ளைகளிடம் "நாளைக்குப் புகைவீடு வருது" என்றால் போதும், வேறு விளக்கமே வேண்டாம்.

—

அனுப்புநர்: வேங்கை

குறிஞ்சித் தம்பிக்கு,

புகைவீடு கேட்க நன்றாக இருக்கிறது. மூன்று தடைகள் தெரிகின்றன. ரப்பர்த் தாள்களைப் புகையூட்டி உலர்த்தும் இடத்தைப் புகைக்கூடம், புகை அறை என்கிறார்கள், அதோடு மோதுமா? புகைக்கூண்டு, புகைபோக்கி என்ற சொற்களின் பக்கத்தில் வைத்தால் கட்டடத் துறைச் சொல்லாகத் தெரியாதா? மூன்றாவதுதான் பெரிது. சில வண்டிகளில் நிலநடுக்கம், சூறாவளி ஆகியவற்றுக்கான பயிற்சியும் சேர்த்துத் தருகிறார்கள். தரை குலுங்கும் வண்டியை எப்படிப் புகைவீடு என்பது?

தீத்தற்காப்பு சரியான ஆக்கம். ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள்.

—

அனுப்புநர்: ஆம்பல்

ரப்பர்த் தொழிலோடு மோதாது ஐயா. அவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வரமாட்டார்கள். நிலநடுக்கம் உள்ள வண்டிகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று வைத்துவிட்டு, அதற்குக் கீழே புகைவீட்டைச் சிறப்புப்பெயராக வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் புகைவீடு மிகவும் பிடித்திருக்கிறது, ஒரு காரணத்துக்காக. பெற்றோர்கள் முதலில் கேட்பதே "உள்ளே நெருப்பு வைப்பீங்களா?" என்பதுதான். பெயரிலேயே பதில் இருக்கிறது. அடுத்த கேள்வி, "புகை ஒத்துக்குமா?" நீரும் கிளைக்கால் (glycol) வகைத் திரவமும் கலந்ததைச் சூடாக்கி வரும் பனிமூட்டம்தான் அது. மேடை நிகழ்ச்சிகளில் விடுகிறார்களே, அதே வகை. நிஜப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் கரியும் இதில் இல்லை. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவருக்கு எரிச்சல் தரலாம். அவர்களைத் தனியாக, புகை விடாமல் ஒரு சுற்று அழைத்துப்போகிறோம். காது கேளாதவர்களுக்கு ஒலி பயன்படாது, பளிச்சென்று வெட்டும் விளக்கும் படுக்கையை அதிரவைக்கும் கருவியும் வைத்த வண்டிகள் உண்டு. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். கையேட்டில் இவற்றுக்கெல்லாம் தனி இடம் கொடுங்கள் அம்மா, பெயரைவிட இதுதான் முக்கியம்.

இந்தப் புகைக்கும் ஒரு சொல் வேண்டும். செயற்கைப்புகை என்பது மிகப் பொது.

—

அனுப்புநர்: குறிஞ்சி

பொய்ப்புகை. பொய்க்கால் குதிரையில் 'பொய்' யாரையும் ஏமாற்றுவதில்லையே.

—

அனுப்புநர்: நொச்சி

பொய்ப்புகையை எடுத்துக்கொண்டேன், அதற்கு விவாதமே வேண்டாம்.

வண்டியோடு வரும் இன்னொரு சிக்கல். வெளியே ஒரு மேசை போட்டுத் தீயணைப்பானைப் பிடிக்கவும் பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அங்கே மட்டும்தான் அணைப்பு. திரையில் ஒளித்தீ தெரியும், தீயணைப்பானில் லேசர் இருக்கும். சில இடங்களில் தட்டில் வாயுத்தீ மூட்டித் தண்ணீர் நிரப்பிய உருளையால் அணைக்கவிடுவார்கள். நான்கு கட்டளைகள்: ஊசியை இழு, தீயின் அடியைக் குறிவை, பிடியை அழுத்து. நான்காவது, இடமும் வலமுமாக அசைப்பது. ஒற்றைச் சொல் வேண்டும். 'வீசு' என்று எழுதினால் உருளையையே தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. 'பெருக்கு' என்றால்...

—

அனுப்புநர்: ஆம்பல்

'தீயின் அடியைப் பெருக்கு' என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள் அம்மா, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தீயைப் பெருக்கவா நாங்கள் வருகிறோம்?

நாங்கள் பயிற்சியில் "உருவு, குறிவை, அழுத்து, துழாவு" என்கிறோம். ஊசி என்றால் உருவத்தான் வேண்டும், 'இழு' என்றால் சிலர் குழாயைப் பிடித்து இழுக்கிறார்கள். துழாவு என்றதும் கை தானாக இடமும் வலமும் போகிறது.

எஃகுப் பெட்டி வண்டிக்கு யாரும் பெயர் சொல்லவில்லையே. நான் 'எரிகூடம்' என்று யோசித்தேன்.

—

அனுப்புநர்: வேங்கை

எரிகாடு, எரியூட்டும் மேடை எல்லாம் நினைவுக்கு வருகிறதே அம்மா. வீரர்களை அங்கே அனுப்ப வேண்டாம். அனல் + கூடம் = அனற்கூடம். வெப்பமும் உண்டு, நெருப்பும் உண்டு, சுடுகாடு இல்லை. புணர்ச்சி கடினம் என்பவர்கள் 'அனல்கூடம்' என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

புகைவீட்டை ஒப்புக்கொள்கிறேன். பொதுப்பெயருக்கு 'நடமாடும் தற்காப்புப் பயிலகம்' என்று வையுங்கள். தீ, நிலநடுக்கம், புயல் மூன்றும் அடங்கும்.

'இழுவண்டி' பெயருக்குள் வரவேண்டும் என்று இனி வற்புறுத்தவில்லை. பேருந்தையே உருமாற்றிச் செய்த புகைவீடுகளும் இருக்கின்றன. அவற்றை யாரும் இழுப்பதில்லை.

—

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

பதிவுக்கு எடுத்துக்கொள்ளும் வடிவம் இது. மாற்றம் இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.

நடமாடும் தற்காப்புப் பயிலகம் (பொதுப்பெயர்): பேரிடரில் உயிர் காத்துக்கொள்ளும் முறைகளைப் பொதுமக்கள் செய்து பழகுவதற்கான அறைகள் அமைந்த இழுவண்டி அல்லது தானியங்கு ஊர்தி.

புகைவீடு: மேற்சொன்னவற்றுள் வீட்டுத் தீக்கானது. பொய்ப்புகை, புகைமணி, சுடுகதவு, இரண்டாம் வழி ஆகியவை கொண்டது. நெருப்பு மூட்டப்படுவதில்லை.

அனற்கூடம்: தீயணைப்பு வீரர்கள் கவச உடையுடன் நிஜத் தீயில் பயிலும் கூடம். இழுவண்டியாகவும் இருக்கலாம், நிலையாகவும் இருக்கலாம். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

புகைமணி என்று நானாகச் சேர்த்ததற்குக் காரணம்: புகையுணரி புகையை உணர்ந்து ஒரு கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி அனுப்புவது. வீட்டுக் கூரையில் மாட்டுவது தானே உணர்ந்து தானே அலறுவது. இரண்டையும் பிரிக்காவிட்டால், மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள், பத்தாண்டில் மாற்றிவிடுங்கள் என்ற அறிவுரை எதைப் பற்றியது என்றே புரியாது.

—

அனுப்புநர்: குறிஞ்சி

ஒப்புதல். ஒரே ஒரு மாற்றுக்கருத்து: 'பயிலகம்' அகராதிக்குப் போகட்டும், வண்டியின் பக்கவாட்டில் எழுத வேண்டாம். அங்கே 'புகைவீடு' என்று மட்டும், தெருக்கோடியிலிருந்து படிக்கும் அளவுக்கு. நடமாடுகிறது என்பது வண்டியைப் பார்த்தாலே தெரியும்.

—

அனுப்புநர்: ஆம்பல்

அதன் கீழே சிறிய எழுத்தில் 'உள்ளே நெருப்பு இல்லை' என்றும் எழுதச் சொல்லுங்கள். வாசலில் அழும் குழந்தைகள் பாதியாகக் குறைவார்கள்.

அறை முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும் அந்தக் கட்டத்துக்கும் தமிழில் சொல் இல்லை. கூரைக்கு அடியில் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வருவது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.